பதினேழாம் பிரதியின் ஓரத்தில் ஒரு வாக்கியம்

தலைமை நாற்காலியில் அமர்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, என் பேச்சுக்கு இப்போதே நேரம் பார்க்கத் தொடங்கிவிட்ட பள்ளிக் குழுத் தலைவர் திருமதி பெர்னீஸ் வோட்டாவா அவர்களே! எங்கள் முதல்வர் திரு. ஆர்டன் கீஸ் அவர்களே! முப்பத்தோரு ஆண்டுகளாகப் பதினோராம் வகுப்புக்கு அமெரிக்க இலக்கியமும் கட்டுரை எழுத்தும் கற்பித்துவரும் எங்கள் ஆசிரியை திருமதி வெல்டா ஹாஃப்மன் அவர்களே! சோள விதைப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பொறுமையோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கூடைப்பந்துத் திடலின் ஓரத்தில் கொலாச்சி இனிப்பு ரொட்டித் தட்டுகளை அடுக்கிவிட்டு, பேச்சு முடியும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று காவல் நிற்கும் தாய்மார்களே! என்னோடு ஓராண்டு முழுவதும் ஒரே நாவலைச் சுமந்த வகுப்புத் தோழர்களே, தோழிகளே! பிளம் ஃபோர்க் ஊரின் அனைவருக்கும் கோரா ஜெலினெக்கின் மாலை வணக்கம்.

வசந்தகால வாசிப்பு விழாவில் பதினோராம் வகுப்பின் சார்பாக ஒருவர் பேசுவது நம் வழக்கம். "அமெரிக்க இலக்கியம் எங்களுக்குக் கற்றுத் தந்தது என்ன?" இதுதான் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அன்பைக் கற்றுத் தந்தது, அறத்தைக் கற்றுத் தந்தது, ஆண்மையைக் கற்றுத் தந்தது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அப்படி ஒரு பேச்சை எழுதியும் பார்த்தேன். மறுநாள் எடுத்துப் படித்தபோது அதில் நடந்தது என்று ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்த மார்ச் மாதத்தில் நடந்த ஒன்றை, நடந்த வரிசையில் சொல்கிறேன். இதில் வருகிறவர்கள் எல்லோரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். எல்லோரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். பெயரை மறைக்க வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு.

முதலில் அந்த நாவல். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் அதைப் படித்திருக்கிறீர்கள். மீதிப் பாதிப் பேர் படித்ததாகத் தேர்வில் எழுதியிருக்கிறீர்கள். சிரிக்கிறீர்கள், யார் எந்தப் பாதி என்று நான் கேட்கப்போவதில்லை. நம் சமவெளிக்குக் குடிவந்த ஒருவன், வறட்சி ஆண்டு ஒன்றில் கிணறு தோண்டத் தொடங்குகிறான். ஒரு வாரம் அல்ல, ஒரு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள் தோண்டுகிறான். ஒரே இடத்தில் தோண்டுகிறான். "இடத்தை மாற்று" என்று அக்கம்பக்கத்தார் கெஞ்சுகிறார்கள், கேலி செய்கிறார்கள், கடைசியில் வண்டி கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். அவன் மாற்றவில்லை. நானூறு பக்கம். தண்ணீர் வந்ததா? சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு படிக்கப்போகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த நாவலைப் பற்றித்தான் வசந்தகாலக் கட்டுரை. ஐந்து பக்கம். கேள்வி ஆண்டுதோறும் ஒன்றுதான்: அவன் ஏன் இடத்தை மாற்றவில்லை? முதல் பத்தியில் உன் கருத்து, நடுவில் அதற்குச் சான்று, முடிவில் அதற்கொரு முடிவு. பிறர் சொன்னதை எடுத்தால் எடுத்த இடத்தை அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்தால் சுழியம். சுழியம் வாங்கினால் பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தில் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லையென்றால் கோடை முழுவதும் மறுபடி வகுப்பு. அதோடு மூன்று நாள் இடைநீக்கம், பதிவேட்டில் ஒரு கடிதம். அந்தக் கடிதம் நீங்கள் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் உங்களுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, புத்தகம் வழங்கும் நாள். பள்ளியின் பிரதிகள் பச்சைத் துணி அட்டை போட்டவை, எண் குத்தியவை. முன்னட்டையின் உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஆண்டுவாரியாகப் படித்தவர்களின் பெயர்கள். அம்மாவின் பெயர், அண்ணனின் பெயர், அத்தையின் பெயர் எந்தப் பிரதியில் இருக்கிறது என்று தேடி, அதைப் பிடுங்கிக்கொள்வதற்கு நாங்கள் போடும் சண்டையை நீங்களும் போட்டிருப்பீர்கள்.

"நாப்பத்தொண்ணு என்னுது! எங்கண்ணன் பேரு இருக்கு!"

"உங்கண்ணன் ஃபெயிலானவன்டா. அந்த ராசி உனக்கு எதுக்கு?"

அன்று என் கைக்கு வந்தது பதினேழாம் பிரதி. பின் வரிசையிலிருந்து லைல் பார்ட்டா எழுந்து வந்தான். அவனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டுரையில் எப்போதும் சி வாங்குகிறவன், டிராக்டர் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவன், டீசல் எஞ்சின் படிப்புக்காக லிங்கன் நகரக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தவன்.

"ஏ புத்தகப் புழு, அதக் குடு. எங்கம்மா பேரு இருக்கு அதுல. ரமோனா கிளைன். பாரு."

"நான் முதல் பக்கம் படிக்க ஆரம்பிச்சுட்டேன் லைல்."

"உனக்கு எந்தப் பிரதியா இருந்தா என்ன? எல்லாத்தையும் முழுங்கத்தான் போற."

கொடுத்துவிட்டேன்.

இந்தப் புத்தகங்களுக்கு இரண்டு சட்டம் உண்டு. பேனாவால் எழுதவே கூடாது. பென்சிலால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். ஆனால் மே மாதக் கடைசியில் அழிப்பு நாள். அன்று வகுப்பு முழுக்க வரிசையாக உட்கார்ந்து, ஆண்டெல்லாம் எழுதியதை அழித்துத் தூள் தட்டிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தருவோம். எத்தனை ஆண்டுகள்! எத்தனை ஓரங்கள்! எத்தனை எண்ணங்கள்! எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறோம்.

மார்ச் மாதம் வந்தது. கட்டுரையின் முதல் படியை வகுப்பில் மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துக் குறிப்பு எழுதும் நாள். லைலின் கட்டுரை எனக்கு வந்தது. இரண்டாம் பக்கத்தில் இந்த வாக்கியம் இருந்தது:

"அவன் தண்ணீருக்காகத் தோண்டவில்லை, தவறான இடத்தில் தொடங்கிவிட்டோம் என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்காகத் தோண்டுகிறான்."

நல்ல வாக்கியம். மிக நல்ல வாக்கியம். நான் மூன்று முறை படித்தேன். பிறகு பச்சைப் பென்சிலை எடுத்து அதன் பக்கத்தில் எழுதினேன்: "இது உன் குரல் இல்லை." அவ்வளவுதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

லைல் அதைப் பார்த்தான். "என் குரல் எப்டி இருக்கும்னு உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மத்த வாக்கியம் மாதிரி இது இல்லன்னு சொன்னேன்."

"சரி" என்றான். அந்தப் படியை மாற்றாமலே ஆசிரியையிடம் கொடுத்துவிட்டான்.

நான் எழுதியது தவறா? வாக்கியம் அவனுடையது அல்ல என்பது உண்மைதானே? உண்மைதான். அந்த உண்மை எங்கே போய் நின்றது என்பதையும் கேளுங்கள்.

திருமதி ஹாஃப்மன் அந்தக் கட்டுரையைப் படித்தார். அந்த வாக்கியத்துக்காக அவர் முப்பத்தோரு ஆண்டுகளாகக் காத்திருந்தார். வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு மாணவராவது தாமாக அந்த இடத்துக்கு வந்து சேர்கிறாரா என்று ஒவ்வொரு வசந்தத்திலும் தேடிப்பார்ப்பாராம். ஏனென்றால் அவர் கல்லூரியில் எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரையின் உயிர்நாடி அந்த வாக்கியம்தான். அந்தக் கட்டுரை அவருடைய மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. பிப்ரவரியில் ஒரு மதிய உணவு வேளையில், விட்டுப்போன தேர்வை எழுதுவதற்காக லைல் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கூடவே என் பச்சைக் குறிப்பையும் சேர்த்துப் பாருங்கள். அவரும் அப்படித்தான் சேர்த்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் முதல்வர் அறையில் விசாரணை. குறிப்பு எழுதியவள் என்பதால் என்னையும் உட்காரச் சொன்னார்கள். லைலின் அம்மா ரமோனா பார்ட்டா நம் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவர். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, சாவிக் கொத்து கழுத்தில் தொங்க, நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார்.

"லைல்" என்றார் ஆசிரியை. "இந்த வாக்கியம் என் டிராயர்ல இருக்கு. நான் அச்சுக்குக் குடுத்ததில்ல, காலேஜ் விட்டப்புறம் யார்கிட்டயும் காட்டினதும் இல்ல. டிராயரத் தொறந்தியா?"

"தொடல, மிஸஸ் ஹாஃப்மன்."

"அப்ப எங்கேர்ந்து வந்துச்சு?"

லைல் தரையைப் பார்த்தான். "அது எங்க வீட்டுது."

"எதுடா நம்ம வீட்டுது?" என்றார் ரமோனா.

அவன் பையின் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டான். திரு. கீஸ் தொண்டையைக் கனைத்தார். "லைல், நீ வாயத் தொறக்கலன்னா நான் சுழியம்னுதான் எழுதணும். கோடை வகுப்பு, சஸ்பென்ஷன், கடிதம், எல்லாம் வரும். அந்த டீசல் படிப்பும் கைவிட்டுப் போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவன் அம்மாவை ஒருமுறை பார்த்தான். பிறகு பையைத் திறந்து பதினேழாம் பிரதியை எடுத்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து அம்மாவின் முன்னால் வைத்தான். இடது ஓரத்தில் அந்த வாக்கியம் முழுசாக இருந்தது. பென்சில் அல்ல, நீல மையில்.

"நீ எழுதினதும்மா. இங்க்ல எழுதியிருக்க. உன்னக் கூப்ட்டுத் திட்டுவாங்கன்னுதான் சொல்லல. நம்ம வீட்டுதுதானேன்னு எடுத்துக்கிட்டேன். உன்னுத எடுக்கறதுக்கு எதுக்கு அடிக்குறிப்பு?"

ரமோனா குனிந்து படித்தார். நிமிர்ந்தார். பிறகு சிரித்தார், அந்த அறையில் அதுவரை யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

"டேய் கண்ணா, நான் நாலாவது அத்தியாயத்தையே தாண்டலடா! அவன் முதல் வாளி மண்ண அள்றதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடுச்சு. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்த இன்னிக்குத்தான் பாக்கறேன். ஆர்டன், நீ சொல்லு. எனக்குப் பக்கத்து சீட்டுதானே நீ?"

"ரமோனா, அதெல்லாம் இப்ப எதுக்கு…"

"நாலு வரைக்கும்கூட இவன் போகல. நான்தான் இவனுக்குக் கதை சொன்னேன்."

முதல்வர் அவர்களே, இதைச் சொல்லலாம் என்று நீங்கள்தான் அனுமதி தந்தீர்கள். அவை சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

அன்று அந்த அறையில் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. திருமதி ஹாஃப்மன் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த நீல எழுத்தைப் பார்த்தார். பிறகு முன்னட்டையைத் திறந்து, சீட்டில் மூன்றாவது பெயரின்மேல் விரல் வைத்தார். வெல்டா ஷுல்ட்ஸ்.

"ஷுல்ட்ஸ் யாரு?" என்றார் முதல்வர்.

"நான்தான். கல்யாணத்துக்கு முன்னாடி."

திரு. கீஸின் முகம் தெளிந்தது. "அப்ப முடிஞ்சுதே! உங்க வாக்கியம், உங்க பழைய புத்தகம். பையன் டிராயரத் தொறக்கல. எடுத்த இடத்தச் சொல்லாதது தப்பு, திருப்பி எழுதிக் குடுக்கட்டும். எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

முடிந்திருக்கலாம், அவையோரே! அந்த ஒரு நொடியில் முடிந்திருக்கலாம். அறையில் இருந்த எங்களில் யாருக்கும் அதற்குமேல் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. தெரிந்தவர் ஒருவர்தான், அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? யாரால் கேட்டிருக்க முடியும்?

"முடியல, ஆர்டன்" என்றார் திருமதி ஹாஃப்மன். அவர் குரல் பாடம் நடத்தும்போது இருப்பது போலவே இருந்தது. "இது என் வாக்கியம் இல்ல. நான் இந்தப் புத்தகத்த வாங்கினப்ப இது இங்க இருந்துச்சு. பென்சில்ல. பாதி அழிஞ்சுபோயி. அழிப்பு நாள்ல மொத்தமா போயிடுமேன்னு அதும் மேலயே இங்க்ல எழுதினேன். காலேஜ்ல கட்டுரை எழுதறப்ப எடுத்துப் போட்டேன். எங்கேர்ந்துன்னு சொல்லல. பரிசு குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். கொஞ்ச வருஷத்துல, எங்கயோ எடுத்தோம்கறதே மறந்துபோச்சு. என்னுதுன்னே நம்பினேன். இப்ப இந்தப் பக்கத்தப் பாத்ததுந்தான் ஞாபகம் வருது."



ரமோனாதான் முதலில் பேசினார். "அப்ப மூணு நாள் சஸ்பென்ஷன் யாருக்கு?"

"நியாயமான கேள்வி" என்றார் ஆசிரியை.

அவர் அதைக் கேள்வியோடு நிறுத்தவில்லை. தம் பழைய கல்லூரிக்கு நடந்ததை எழுதி அனுப்பினார். மறுநாள் வகுப்பின் முன்னால் நின்று எங்களுக்கும் அதைச் சொன்னார். லைலிடம், டிராயரைத் திறந்தாய் என்று நினைத்ததற்காக மன்னிப்புக் கேட்டார். லைலுக்குப் பத்து நாள் அவகாசம் கிடைத்தது; சுழியம் இல்லை, கடிதம் இல்லை. திருத்திய கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது: "பள்ளிப் பிரதி பதினேழு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, இடது ஓரம், பெயர் தெரியாத மாணவர்." சீட்டில் வெல்டா ஷுல்ட்ஸுக்கு முன்னால் இரண்டு பெயர்கள் உண்டு. ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. மற்றவர் ஆரிகனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கடிதம் போட்டோம், பதில் இல்லை. எழுதியவர் யார் என்பது இன்றுவரை தெரியாது.

இங்கே கைதட்டுகிறீர்கள். நானும் இங்கேதான் பேச்சை முடிப்பதாக இருந்தேன். நேர்மை வென்றது, உண்மை நின்றது, நன்றி, வணக்கம் என்று எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அது என் பங்கு.

விசாரணை முடிந்த மறுவாரம், வண்டிகள் நிற்கும் இடத்தில் லைலைப் பார்த்தேன். தன் பிக்கப் வண்டியின் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து உள்ளே குனிந்திருந்தான். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். முதல் பத்தியில் கருத்து, நடுவில் சான்று.

"லைல், நான் அந்தக் குறிப்ப எழுதியிருக்கக்கூடாது."

"ஏன்? நீ சொன்னது சரிதானே. அது என் குரல் இல்ல."

"ஆனா அதனாலதானே இவ்ளோ…"

அவன் நிமிர்ந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். கோபம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் சலிப்புத்தான் இருந்தது.

"அந்த ஒரு வாக்கியம் என்னுது இல்ல, கோரா. ஒத்துக்கறேன். மத்த நாலே முக்கால் பக்கம் என்னுதுதான். அதப் பத்தி நீ ஒண்ணுமே எழுதலையே? நீயும் எழுதல, மிஸஸ் ஹாஃப்மனும் எழுதல. விசாரணைல நாலு பேரு உக்காந்து அந்தக் கட்டுரைய கையில வச்சிருந்தீங்க. மத்தத ஒருத்தராவது படிச்சீங்களா?"

நான் படித்திருந்தேனா? கண்ணால் ஓட்டியிருந்தேன். பிழை தேடியிருந்தேன். சி வாங்குகிறவன் எழுதியதில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணத்தோடு, அவனுடையது அல்லாத ஒரே ஒரு வாக்கியத்தில் போய் நின்று, அதன் பக்கத்தில் என் பெயரையும் எழுதியிருந்தேன்.

அவையோரே! பிறர் வாக்கியத்தைப் பிடிப்பதற்கு நமக்குச் சட்டம் இருக்கிறது. பிடித்தால் கொடுப்பதற்குத் தண்டனை இருக்கிறது. தண்டனையைச் சுமந்துபோவதற்குக் கடிதம் இருக்கிறது. தன் சொந்த வாக்கியத்தை ஒருவன் முதன்முதலாக எழுதும்போது, அதைக் கண்டுகொள்வதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? களவைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கவனமாகப் படிக்கத் தெரிந்த நாம், கருத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கவனமாகப் படித்தோமா? படிப்பு என்பது பிடிப்பதா, கேட்பதா? அமெரிக்க இலக்கியம் எனக்குக் கற்றுத் தந்தது என்ன என்று கேட்டீர்கள். ஒரு நாவலை நானூறு பக்கம் படிக்கக் கற்றுத் தந்தது. பக்கத்து நாற்காலியில் இருப்பவன் எழுதிய ஐந்து பக்கத்தைப் படிக்க எனக்குத் தெரியவில்லை என்பதையும் கற்றுத் தந்தது.

அன்று மாலையே அவனிடம் கட்டுரையை வாங்கிப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். அதிலிருந்து கொஞ்சம் இப்போது படிக்கிறேன். லைல், பின் வரிசையில் இன்னும் கீழே சரிய இடமில்லை, நிமிர்ந்தே உட்காரலாம்.

"எல்லாரும் குழிக்குள் இருக்கும் ஆளையே பார்க்கிறார்கள். கிணறு தோண்டும்போது கீழே ஒருவர் இருந்தால் மேலே ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மண் தானாக மேலே வராது. மூன்று வருடமும் மேலே நின்று வாளியை இழுத்தவள் அவனுடைய மகள். அவளுடைய கையைப் பற்றி நாவலில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் அவள் ரொட்டி கொடுக்கும்போது. நான் அப்பாவோடு கயிறு இழுத்திருக்கிறேன். இரண்டாவது நாளே கை உரிந்துவிடும். இடத்தை மாற்றலாமா என்று ஊரே அவனைக் கேட்டது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புத்தகம் சின்னதாக இருந்திருக்கும்."

எழுதியவர் லைல் பார்ட்டா, பதினோராம் வகுப்பு, பிளம் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளி. வசந்தகாலக் கட்டுரை, பக்கம் நான்கு.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், மறைக்காமல் சொல்லச் சொன்ன ஆசிரியைக்கும், சிரிக்க இடம் கொடுத்த முதல்வருக்கும் ரமோனா பார்ட்டாவுக்கும், பெரியோருக்கும், தாய்மாருக்கும், தோழமைக்கும் என் நன்றி. கைதட்டுவதாக இருந்தால் திரும்பி உட்கார்ந்து, பின் வரிசையைப் பார்த்துத் தட்டுங்கள். வணக்கம்.